திரும்பும் தேதி தெரியாத நாட்களில்

படைப்பணிக்குச் சென்ற கணவரோ மனைவியோ எப்போது திரும்புவார் என்பதற்கு உறுதியான தேதி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது தள்ளிப்போகக்கூடும் என்பதால், நாட்காட்டியில் ஒரே நாளை வட்டமிட்டுக் காத்திருப்பதைவிட, இரண்டு மூன்று வாரங்களைச் சேர்த்துக் குறித்துக்கொள்வது ஏமாற்றத்தைக் குறைக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானவை தொலைபேசி ஒலிக்காத நாட்கள்தாம். ஆனால் அந்த அமைதிக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களே இருக்கும்: படைப்பிரிவு இடம் மாறியிருக்கலாம், பாதுகாப்புக்காகத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருக்கலாம், நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவரால் வாரக்கணக்கில் பேச இயலாமல் போவதும் உண்டு. ஆகவே, எத்தனை நாள் வரை செய்தி இல்லாவிட்டாலும் பதற வேண்டியதில்லை என்பதை அவர் புறப்படும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் படைப்பிரிவில் யாரை அணுகுவது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செய்தித் தொலைக்காட்சியை நாள் முழுவதும் ஓடவிடுவது, என் கணிப்பில், எதையும் தெளிவாக்காமல் அச்சத்தை மட்டுமே வளர்க்கும். காலையிலும் மாலையிலும் ஒருமுறை பார்த்தால் போதும். அவர் இருக்கும் இடத்தையும் பயணத் தேதியையும் சமூக ஊடகத்தில் பகிரவே கூடாது.

வங்கி, வாடகை, காப்பீடு ஆகியவற்றில் அவர் சார்பில் நீங்கள் செயல்பட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்தை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

பிள்ளைகள் கேட்கும்போது பொய்யான தேதி சொல்லாமல், "இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் முதலில் உன்னிடம்தான் சொல்வேன்" என்று கூறுவதே நல்லது. உங்களுக்குத் தூக்கமின்மையோ பசியின்மையோ சில வாரங்கள் நீடித்தால், தாங்கிக்கொள்வதையே பெருமையாகக் கருதாமல், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.