இலண்டனின் பழைய செங்கல் வரிசை வீடுகள்: பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு, நகரில் எழும் புதிய வீடுகளின் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டும் என்று 1667இல் சட்டம் வந்தது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக் காலம் பொதுச்சுவர்களால் ஒன்றோடொன்று ஒட்டி எழுந்த வரிசை வீடுகளே இலண்டன் தெருக்களின் முகமாயின. ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களில் அவற்றில் இன்று தமிழர்கள் பலரும் குடியிருக்கிறார்கள். பழுதுபார்ப்பில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்த வீடுகளின் சுவரை இன்றைய சுவரைப் போல எண்ணுவதால் விளைபவை.

அவற்றுள் கேடு மிகுந்தது, செங்கற்களின் இணைப்புகளில் சிமென்ட் பூசுவது. இந்த வீடுகள் பலவற்றின் வெளிச்சுவர், உள்ளடுக்குக்கும் வெளியடுக்குக்கும் நடுவே இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கற்கட்டு. மழையில் நனையும் அச்சுவர், மென்மையான சுண்ணாம்புச் சாந்தின் வழியே ஈரத்தை வெளிவிட்டு உலர்கிறது. அந்த வழியைச் சிமென்ட் அடைத்துவிட்டால் ஈரம் செங்கல்லின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிர்காலத்தில் அது கல்லுக்குள்ளேயே உறைந்து விரியும்போது கல்லின் முகம் சில்லுசில்லாக உதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், சிமென்ட் கோடுகள் சட்டம் போலத் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் கற்கள் குழிந்து கிடக்கும். பழைய சாந்து எது என்று அறிய, சாவியின் நுனியால் கீறிப் பார்க்கலாம்; சுண்ணாம்பு பொடியாக உதிரும், சிமென்ட் எளிதில் அசையாது. சாந்தை மாற்றும்போதும் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு வருவது தவறு, ஏனெனில் அது கல்லின் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும். சன்னல்களுக்கு மேலே, தேய்த்துப் பொருத்திய சிவப்புக் கற்களின் இணைப்பு ஓரிரு மில்லிமீட்டரே இருக்கும். பழக்கமில்லாத கொத்தனாரை அங்கே கைவைக்க விடாதீர்கள். நீர்புகாப் பூச்சு பூசுவதும் பிளாஸ்டிக் வண்ணம் அடிப்பதும் இதே தவறின் வேறு வடிவங்கள்தாம்.

முகப்பின் அழகை நம்பி உட்சுவரையும் உறுதியானதென்று கொள்வது அடுத்த தவறு. நீளக்கல்லும் குறுக்குக்கல்லும் மாறி மாறி அமைந்த கட்டு பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் விலை கூடிய முகப்புக் கல்லை மிச்சப்படுத்த விரும்பிய பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டுநர்கள், குறுக்குக்கற்களைப் பாதியாக உடைத்து முன்பக்கம் மட்டும் வைத்ததுண்டு. அப்படிப்பட்ட முகப்பு உள்ளடுக்கோடு சரிவரப் பிணையாமல் காலப்போக்கில் தெருப்பக்கம் புடைக்கும். புடைப்பை மேற்பூச்சால் மறைக்காமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

தரையை ஒட்டிய காற்றுத்துளைக் கற்களை மண்ணாலோ தளத்தாலோ மூடினால் மரத்தரையின் உத்தரங்கள் மக்கும். கீழ்த்தளத்தில் அடுப்புச் சுவரை இடித்துவிட்டு, மேலே நிற்கும் புகைபோக்கியைத் தாங்கலின்றி விடுவது உயிருக்கே ஆபத்து. அந்தச் சுவர் பொதுச்சுவரோடு இணைந்திருந்தால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு முன்னறிவிப்பும் தர வேண்டும்.

அடைபட்ட சன்னல்களைக் கண்டதும் ‘சன்னல் வரிக்குப் பயந்து மூடியவை’ என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மையே. எனினும், முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே வெறும் மாடமாகக் கட்டப்பட்டவையும் உண்டு. வெளிச்சம் வேண்டி அவற்றை உடைக்கப் போகிறவர் முதலில் உள்ளே சென்று பார்க்கட்டும். அந்தச் சுவருக்குள் புகைக்குழாய் ஏறிக்கொண்டிருக்கலாம்.