லாலாங்தானா? தோண்டிப் பார்த்துச் சொல்லுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இடுப்பளவு வளர்ந்து கையைக் கிழிக்கும் புல் எதுவானாலும் அதற்கு லாலாங் என்றே பெயர். உண்மையான லாலாங் நிலத்தடித் தண்டால் பரவும் ஒரு களைப்புல். ஆனால் பல நேரம் அது நாணலாகவோ, கினியாப் புல்லாகவோ, மிஷன் புல்லாகவோ, மாட்டுக்கு நட்டு வேலி தாண்டி வந்த நேப்பியராகவோ இருக்கும். பெயர் மாறினால் வைத்தியமும் மாறும். கினியாவைத் தூரோடு பெயர்த்தால் வேலை முடிந்தது. லாலாங்கை அதே மண்வெட்டியால் கொத்தினால் நிலத்தடித் தண்டின் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகத் துளிர்க்கும்.

பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, மண்ணுக்குள் பாருங்கள். ஆனால் கையால் பிடுங்காதீர்கள். குருத்து அறுந்து மேலே வரும், நிலத்தடித் தண்டு உள்ளேயே தங்கிவிடும். வெறும் வேரைப் பார்த்துவிட்டு, கொத்தாக வளரும் தூர்ப்புல் என்று முடிவு கட்டுவது இப்படித்தான். ஒரு அடி சதுரம், முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டியெடுத்து, கட்டியை வாளித் தண்ணீரில் அலசுங்கள்.

லாலாங்காக இருந்தால், பென்சிலைவிட மெல்லிய வெள்ளைத் தண்டுகள் கணுக்கணுவாகப் படுக்கைவாட்டில் ஓடும். கணுவுக்குக் கணு காய்ந்த செதில் போர்த்தியிருக்கும். நுனி விரலில் குத்தும் அளவுக்குக் கூர்மை. மென்றால் லேசாக இனிக்கும் என்பார்கள், மருந்து அடித்த நிலத்தில் அந்தச் சோதனை வேண்டாம். கினியா, மிஷன், நேப்பியர் மூன்றும் அடர்ந்த தூராக வரும். அடியில் கட்டைத்தண்டு இருந்தாலும் இப்படி நீளமாக ஓடாது.

நிலத்தடித் தண்டு நீளமாக ஓடும் இன்னொரு புல் நாணல். லாலாங்கும் நாணலும் நெருங்கிய உறவு என்பதால் குழப்பமும் இங்கேதான் அதிகம். லாலாங்குக்குப் பூக்கும்வரை தண்டு தெரியாது; இலைகள் நேரே மண்ணிலிருந்து கிளம்பியதாகத் தோன்றும். இலையின் வெள்ளை நடுநரம்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். சில இலைகளில் நடுவை ஒட்டியே ஓடுவதால், ஒரே இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் முதிர்ந்த ஐந்தாறு இலைகளைப் பாருங்கள். நாணலில் கரும்பைப் போன்ற கெட்டியான தண்டு இருக்கும், ஆளுயரத்தைத் தாண்டும். அதன் இலை அடிப்பக்கம் போகப் போகக் குறுகி, கடைசியில் நடுநரம்பு மட்டுமே மிஞ்சும். பூத்துவிட்டால் இன்னும் எளிது: லாலாங்கின் கதிர் ஒரு சாண் நீளத்தில் ஒற்றை உருளை, நாணலின் பூங்கொத்து கிளை பிரிந்து ஒரு அடியையும் தாண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான், கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆற்றோர மணல் திட்டு என்றால் முதலில் நாணலைச் சந்தேகியுங்கள்.

தூர்ப்புல் மூன்றையும் உயரத்தை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். அடிக்கடி வெட்டுப்பட்ட நேப்பியர் முழங்காலளவுதான் நிற்கும். இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தை மெல்ல வளைத்து உட்புறம் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் நல்லது. அங்கே வெறும் முடிவரிசை இருந்தால் மிஷன் அல்லது நேப்பியர். மெல்லிய சவ்வும் அதன் விளிம்பில் முடியும் இருந்தால் கினியா. கினியாவின் பூங்கொத்து விரிந்திருக்கும், அடிக்கிளைகள் ஒரே கணுவிலிருந்து சுற்றிலும் கிளம்பும்.

மிஷனுக்கும் நேப்பியருக்கும் கதிர் ஒரே சாயல். முற்றிய கதிரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவி, மிஞ்சும் காம்பை வெளிச்சத்தில் பிடியுங்கள். காம்பில் முடி இருந்தால் நேப்பியர். முடியில்லாமல் மெல்லிய வரம்புகளோடு, உருண்டையாக இல்லாமல் கோணங்களோடு இருந்தால் மிஷன். உருவிய விதையைத் தரையில் உதறாமல் பையில் போடுங்கள்.

லாலாங் என்று உறுதியானால், இலை வழியாக நிலத்தடித் தண்டுவரை இறங்கும் களைக்கொல்லி மருந்துதான் பலிக்கும். தோட்டங்களில் வழக்கம் கிளைபோசேட். அறுத்த கையோடு அடிப்பது வீண், மருந்தை வாங்கிக் கீழே அனுப்ப இலை வேண்டும். புது இலை ஒரு அடிக்கு மேல் வந்த பிறகு லேபிளில் உள்ள அளவில் அடியுங்கள். கால்வாயின் கலங்கல் நீரில் கலந்தால், மருந்து மண்துகளில் ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போகும். அடித்து ஆறு மணி நேரத்துக்குள் மழை வந்தாலும் பெரும்பாலும் நஷ்டம்தான், ஆகவே மதிய மழை வரும் மாதங்களில் காலையிலேயே முடித்துவிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், கையுறை போட்டு, மருந்தில் நனைத்த துணியால் இலையைத் துடைப்பதே சிக்கனம், பக்கத்துச் செடிக்கும் சேதமில்லை. பழைய களைக்கொல்லியான பாராகுவாட் இலையை மட்டும் கருக்கியது, நிலத்தடித் தண்டு மறுபடி துளிர்த்தது. 2020 முதல் மலேசியாவில் அதற்குத் தடையும் உண்டு.

செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டைகள் கூடி நிழல் விழுந்த பிறகு லாலாங் தானே மெலியும். அந்த நிழலிலும் ஒரு புல் கொழுத்து நின்றால் பெரும்பாலும் அது கினியாதான். மருந்தைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.