ஹோங் லிம் 1961: எழுத வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூர் வரலாறு எழுத வரும் இளையவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். ஹோங் லிம் இடைத்தேர்தல் வந்தாலே, நான் ஒரு காலத்தில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, தேதிப்பிழையை விட்டுவிடுகிறேன். அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நீக்கம் வேறு, விலகல் வேறு

ஹோங் லிம் தொகுதி உறுப்பினர் ஓங் எங் குவானை ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சி 1960 ஜூலையில் நீக்கியது. அதனால் தொகுதி காலியாகவில்லை. டிசம்பரில் அவராகச் சட்டமன்றப் பதவியை விட்டார். அப்புறம்தான் 1961 ஏப்ரல் 29 வாக்குப்பதிவு.

ஜூலையில் நடந்ததை ஏப்ரலில் வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கட்சிக்குள் இருந்த இடதுசாரிகள் கைவிட்டதால் ஹோங் லிமில் ஆளுங்கட்சி தோற்றது என்று எழுதுகிறார்கள். நானும் எழுதினேன். செய்தி நறுக்குகளைத் தேதி பார்க்காமல் அடுக்கியிருந்தேன். ஜூலையில் நடந்த ஆன்சன் தொகுதி இடைத்தேர்தல் செய்தி மேலே கிடந்தது. என் கட்டுரை இருந்த மலர் அச்சாகி வந்ததும், ஹோங் லிமில் ஆளுங்கட்சிக்காக வீடு வீடாகப் போன பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, தொழிற்சங்க ஆளுங்களும் எங்களோடதானே வந்தாங்க?” 300 பிரதிகளிலும் திருத்தச் சீட்டைக் கோந்து தடவி நானே ஒட்டினேன்.

ஏப்ரலில் இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவர் லிம் சின் சியோங்கின் அணி ஆளுங்கட்சி வேட்பாளர் ஜெக் இயூன் தோங் பக்கம்தான் நின்றது. அப்படியும் ஓங் 7,747, ஜெக் 2,820. மே 27இல் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயா, சிங்கப்பூர் இணைப்பு யோசனையை வெளியிட்டார். அதற்குப் பின்னால் ஹோங் லிம் தோல்வி கிளப்பிய கவலையும் இருந்தது. இணைப்புச் சண்டை முற்றிய பிறகு, ஜூலை 15 ஆன்சன் இடைத்தேர்தலில்தான் இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். எதிர்த்து நின்ற தொழிலாளர் கட்சியின் டேவிட் மார்ஷல் வென்றார், ஆளுங்கட்சி பிளந்தது.

வரிசையை மாற்றினால் காரணமே விளைவாகிவிடும். ஓங்கும் காணாமல் போய்விடுவார். மேயராக வந்ததும் நகராட்சிச் செங்கோலை அகற்றியவர், ஹாக்கியனில் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். ஹோங் லிம் ஓட்டுப் போட்டது அந்த மனிதருக்கு. நறுக்கை வெட்டியதும் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுங்கள், தயவுசெய்து.

கட்சிப் பெயர்

ஏப்ரலில் ஓங் சுயேச்சை. அவருடைய ஐக்கிய மக்கள் கட்சி பிறகு வந்தது.

இரண்டு ஹோங் லிம்

1965இல் ஓங் மறுபடியும் விலகினார். ஜூலை 10 இடைத்தேர்தலில் அவர் நிற்கவில்லை. ஆளுங்கட்சியின் லீ கூன் சோய் வென்றார். அது மலேசியக் காலம். காலனியாட்சிக் கட்டுரையில் அதைச் சேர்க்காதீர்கள்.