ஃபிகர் ஸ்கேட்டிங்: யாரும் எதிர்பாராத பதக்கக்காரரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி

2024 மார்ச்சில் மான்ட்ரியலில் நடந்த ஃபிகர் ஸ்கேட்டிங் உலகப் போட்டியில், ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய முதல் ஆட்டம் முடிந்தபோது பிரான்சின் ஆடம் சியாவோ இம் ஃபா 19-ஆவது இடத்தில் இருந்தார். வெறும் 77.49 புள்ளிகள். முதல் 24 பேருக்குத்தான் ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட இரண்டாம் ஆட்டத்துக்கு வாய்ப்பு என்பதால், கிட்டத்தட்ட வீட்டுக்குப் போகும் நிலை. இரண்டு நாள் கழித்து ஃப்ரீ ஸ்கேட்டில் 206.90 எடுத்து, மொத்தம் 284.39 என்று வெண்கலத்தோடு மேடையில் நின்றார்.

அதிசயம் என்றுதான் பலரும் பேசினார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர் 2023, 2024 இரண்டு ஆண்டும் ஐரோப்பிய சாம்பியன். அவர் கையில் இருந்த தாவல்களின் மதிப்பு போட்டிக்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி தாளில் இருந்தது. ஒரு மோசமான நாள் அதை மறைத்தது, அவ்வளவுதான்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். அமெரிக்காவில் போட்டி நடந்தால் எனக்கு விடிகாலை. பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன். இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே, அழகும் கணக்கும் ஒரே இடத்தில் இருப்பதுதான். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் நடுவர்கள் எந்தத் தாவலுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பட்டியலாக, புரோட்டோகால் என்ற பெயரில், வெளியிட்டுவிடுகிறார்கள். இலவசம். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும், ‘திடீர்’ பதக்கங்களில் பாதிக்கு மேல் திடீரென்று வருவதில்லை என்பது புரிந்துவிடும்.

முதலில் வெண்கலத்தின் விலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தங்கத்தை விடுங்கள், எதிர்பாராதவர் நுழைகிற வாசல் பெரும்பாலும் மூன்றாம் இடம்தான். உலகப் போட்டியில் ஆண்கள் வெண்கலம் 2022-இல் 277.38, 2023-இல் 288.44, 2024-இல் 284.39, 2025-இல் 278.19. பெண்களில் அதே வரிசைப்படி 211.19, 210.42, 203.59, 215.24. அதாவது ஆண்களுக்கு 277 முதல் 289 வரை, பெண்களுக்கு 203 முதல் 216 வரை. இந்த எல்லைக்குள் வர யாருக்குச் சரக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. உலகத் தரவரிசை இதற்குப் பதில் சொல்லாது. அது போன வருடங்களின் பலனைக் காட்டும், இந்த மார்ச்சில் என்ன நடக்கும் என்பதைக் காட்டாது.

அடுத்து நான் செய்வது ஒரு எளிய கூட்டல். ஒருவரின் மொத்த மதிப்பெண்ணை எடுக்காமல், அந்தப் பருவத்தில் அவர் எடுத்த சிறந்த ஷார்ட்டையும் சிறந்த ஃப்ரீயையும், வேறு வேறு போட்டியில் எடுத்திருந்தாலும், சேர்த்துக் கூட்டுவேன். ஒரு பெண் நவம்பரில் ஷார்ட் 73, ஃப்ரீ 120 எடுக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 193, ஆறாம் இடம். ஜனவரியில் ஷார்ட் 62, ஃப்ரீ 139. மொத்தம் 201, ஐந்தாம் இடம். செய்தியில் இவர் பெயர் எங்கும் வராது. ஆனால் 73-ஐயும் 139-ஐயும் கூட்டினால் 212. வெண்கலத்தின் விலையை அவர் ஏற்கெனவே இரண்டு தவணையாகக் கட்டிவிட்டார். ஒரே வாரத்தில் கட்டுவதுதான் பாக்கி. நான் தேடுவது இப்படிப்பட்ட பெயர்களைத்தான்.

ஒரு எச்சரிக்கை: தேசியப் போட்டிகளின் மதிப்பெண்ணை இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டாம். சொந்த நாட்டு நடுவர்கள் தாராளமாகப் போடுவார்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஸ்.யு.வே தன் சாதனைப் பட்டியலில் அவற்றைச் சேர்ப்பதில்லை. கிராண்ட் பிரீ, சேலஞ்சர், ஐரோப்பியப் போட்டி, ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கான நான்கு கண்டங்கள் போட்டி, இந்தச் சர்வதேசப் போட்டிகள் மட்டும் போதும்.

கூட்டலில் தேறியவர்களின் புரோட்டோகாலை இனி வரி வரியாகப் படிக்க வேண்டும். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

ஒவ்வொரு வரியிலும் தாவலின் பெயர், அதன் அடிப்படை மதிப்பு, ஒன்பது நடுவர்கள் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை போட்ட தரப்புள்ளி, கடைசியில் கிடைத்த மதிப்பெண் இருக்கும். லட்ஸ், சால்கோ, ஆக்சல், ஃபிளிப் எல்லாம் தாவல் வகைகள்; குவாட் என்றால் காற்றில் நான்கு சுற்று. குவாட் லட்ஸின் அடிப்படை மதிப்பு 11.50. அதை முழுதாகச் சுழன்று இறங்கும்போது கீழே விழுந்தால், தரப்புள்ளியில் பாதி போய் 5.75 ஆகும், விழுந்ததற்கு இன்னொரு புள்ளி கழியும். ஆக 4.75. அதே தாவலில் காற்றிலேயே உடம்பு திறந்துகொண்டு இரண்டு சுற்றோடு முடிந்தால், அதை ‘பாப்’ என்பார்கள், அடிப்படை மதிப்பே 2.10 ஆகச் சுருங்கிவிடும். பார்வைக்கு விழுவதுதான் பயங்கரம். கணக்கில் பாப்தான் பெரிய நஷ்டம். ஷார்ட் புரோகிராமில் இன்னும் கொடுமை: மூன்று சுற்றோ நான்கு சுற்றோ இருந்தாக வேண்டிய இடத்தில் இரண்டே சுற்று என்றால் அந்த வரிக்குப் பூஜ்யம்.

அதனால் இலையுதிர்காலத்தில் ஒருவர் மூன்று போட்டியில் மூன்று முறை விழுந்தார் என்பதற்காக அவர் பெயரை அடித்துவிடாதீர்கள். விழுந்த வரியில் தாவலின் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது குறி இருக்கிறதா பாருங்கள். ‘க்யூ’ என்ற எழுத்து இருந்தால் கால் சுற்று சரியாகக் குறைந்தது. ஒரு அம்புக்குறி இருந்தால் அதற்கும் மேலே குறைந்தது. அடிப்படை மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். இரண்டு அம்புக்குறி என்றால் அரைச் சுற்றோ அதற்கும் மேலோ குறைந்தது. குவாட் லட்ஸ் அங்கே 5.90 மதிப்புள்ள ட்ரிபிள், அதாவது மூன்று சுற்று, லட்ஸ் ஆகிவிடுகிறது. குறி எதுவும் இல்லாமல் விழுந்திருக்கிறார் என்றால் சுற்று முழுமை, இறங்குவதில் மட்டும்தான் சிக்கல். அது மூன்று நான்கு மாதத்தில் சரியாகக்கூடிய சிக்கல். அம்புக்குறி திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தாவல் இன்னும் அவர் கையில் இல்லை. எவ்வளவு உயரமாகப் பறந்தாலும் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

கஜகஸ்தானின் எலிசபெத் துர்சின்பாயேவா 2019-இல் ஜப்பானின் சைதாமாவில் உலக வெள்ளி வென்றது எனக்கு மிகப் பிடித்த உதாரணம். அங்கே அவர் இறங்கிய குவாட் சால்கோ, சீனியர் பெண்கள் சர்வதேசப் போட்டியில் ஒரு பெண் வெற்றிகரமாக முடித்த முதல் குவாட். ஒரு மாதத்துக்கு முன்பு நான்கு கண்டங்கள் போட்டியிலும் அவர் வெள்ளிதான். குவாட் இல்லாமலேயே பதக்க எல்லையைத் தொட்டுவிட்டவர், குவாட்டையும் விடாமல் முயன்றுகொண்டிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்த ஆள் எப்போதும் ஆபத்தானவர்.

தாவல் மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. தாளின் அடியில் மூன்று வரி இருக்கும்: நடன அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். இவற்றைக் காம்பொனென்ட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போட்டு, ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட்டில் 3.33-ஆல் பெருக்குவார்கள். ஒருவருக்கு 9, இன்னொருவருக்கு 7.5 என்றால் ஃப்ரீயில் மட்டும் 15 புள்ளி வித்தியாசம். ஷார்ட்டில் இன்னும் 7.5. ஒரு குவாட் ஆக்சலின் அடிப்படை மதிப்பே 12.50தான். புதிதாக வரும் பையன் இரண்டு குவாட் கூடுதலாகப் போட்டும் ஏன் நான்காம் இடத்தில் நிற்கிறான் என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கே இருக்கும். அதனால் ஒரே பருவத்துக்குள் இந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள். அக்டோபரில் 7.6, டிசம்பரில் 8.1, பிப்ரவரியில் 8.4 என்று போனால் நடுவர்கள் மனம் மாறிவிட்டார்கள். ஒரே இடத்தில் நின்றால், மார்ச்சில் மட்டும் திடீரென்று தூக்கிக் கொடுக்க மாட்டார்கள்.

நான்கு கண்டங்கள் போட்டியைப் பலரும் தவறவிடுவார்கள். பெரிய பெயர்கள் பாதிப் பேர் வருவதில்லை என்பது உண்மை. அதனால்தான் அது நல்ல கண்ணாடி. 2023-இல் கொரியாவின் லீ ஹே-இன் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அந்தப் பட்டம் வென்று, மார்ச்சில் உலக வெள்ளி எடுத்தார். 2025-இல் கஜகஸ்தானின் மிகாயில் ஷாய்தொரோவ் சியோலில் வென்று, பாஸ்டனில் உலக வெள்ளி எடுத்தார். முந்தைய ஆண்டு உலகப் போட்டியில் அவர் முதல் பத்துக்குள்கூட இல்லை. ஆனால் அதே 2025-இல் சியோலில் பெண்கள் பட்டம் வென்ற கிம் சே-யோன் பாஸ்டனில் மேடை ஏறவில்லை. சொந்த ஊரில் உச்சத்தைத் தொட்டுவிட்டு அடுத்த மாதமே மறுபடி தொடுவது கடினம். பிப்ரவரியில் வென்றவரைவிட, பிப்ரவரியில் ஒரே ஒரு பிழையோடு நல்ல புள்ளி எடுத்தவரை நான் கொஞ்சம் அதிகம் நம்புவேன்.

யார் வருகிறார்கள் என்பதைப் போலவே யார் வரவில்லை என்பதும் முக்கியம். ஜோடிப் பிரிவில் இதைத் தெளிவாகப் பார்த்தது 2022-இல். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் ஐந்து ஜோடிகளும் சீனாவும் ரஷ்யாவும்தான். அடுத்த மாதம் மோன்பெலியே உலகப் போட்டிக்கு ரஷ்யர்களுக்குத் தடை. சீனா ஆளே அனுப்பவில்லை. பெய்ஜிங்கில் ஆறாவதாக வந்த அமெரிக்காவின் நைரிம்-ஃப்ரேசியர் ஜோடி தங்கம், ஏழாவதாக வந்த ஜப்பானின் மியுரா-கிஹாரா வெள்ளி. பங்கேற்பாளர் பட்டியலை ஒரு முறை பார்த்திருந்தால் போதும். ஒலிம்பிக் முடிந்த வசந்தத்திலும் அடுத்த பருவத்திலும் இந்தக் கதவு அகலமாகத் திறக்கும். மூத்தவர்கள் பலர் விலகிவிடுவார்கள்.

ஷார்ட் புரோகிராம் முடிந்த இரவு இன்னொரு வாய்ப்பு. எத்தனையாவது இடம் என்று பார்க்காதீர்கள். மூன்றாம் இடத்துக்கும் அவருக்கும் எத்தனை புள்ளி என்று பாருங்கள். நடுவர்கள் ஆறுக்கு இவ்வளவு என்று போட்ட பழைய 6.0 முறையில் இடம்தான் எல்லாம். 2002-இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் நான்காவதாக இருந்த சாரா ஹியூஸ் தங்கம் வெல்ல, அவர் அற்புதமாக ஆடினால் மட்டும் போதவில்லை. மற்றவர்கள் சரியான வரிசையில் வந்து விழவும் வேண்டியிருந்தது. இப்போது புள்ளி மட்டும்தான் பேசும். 2018-இல் மிலான் உலகப் போட்டியில் எட்டாவதாக இருந்த ஜப்பானின் வகாபா ஹிகுச்சி வெள்ளி எடுத்தார். 2025-இல் தாலினில் எட்டாவதாக இருந்த சுவிட்சர்லாந்தின் லூகாஸ் பிரிட்ஷ்கி ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

2026 பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக் ஆண்கள் போட்டியை நிதானமாகப் பாருங்கள். ஷார்ட்டில் இல்யா மாலினின் 108.16, யூமா ககியாமா 103.07, சியாவோ இம் ஃபா 102.55. ஐந்தாவதாக ஷாய்தொரோவ் 92.94. ஒன்பதாவதாக ஷுன் சாட்டோ 88.70. எல்லோர் கண்ணும் முதல் மூவர் மேல். ஆனால் ஷாய்தொரோவுக்கும் இரண்டாம் இடத்துக்கும் 10.13 புள்ளிதான் தூரம். ஒரு குவாட் பாப் ஆனாலே பெரும்பகுதி கரைந்துவிடும். அவர் பாஸ்டனில் ஏற்கெனவே 287.47 எடுத்தவர் என்பதும் பதிவில் இருந்தது. ஃப்ரீயில் 198.64 எடுத்தார். மாலினின் நொறுங்கி எட்டாவதானார். ககியாமா 280.06-உடன் வெள்ளி, ஒன்பதிலிருந்து சாட்டோ 274.90-உடன் வெண்கலம். 291.58-உடன் ஷாய்தொரோவ் தங்கம். தங்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை; பதக்கத்தை எதிர்பார்த்தேன், அதற்குக் காரணமும் எழுதி வைத்திருந்தேன்.

ஷாய்தொரோவின் பயிற்சியாளர் அலெக்சேய் உர்மானோவ் 1994 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அந்த ஆண்டு பிரையன் பாய்டானோ, கர்ட் பிரவுனிங், விக்டர் பெட்ரென்கோ என்ற மூன்று ஜாம்பவான்களும் ஷார்ட்டிலேயே தடுமாறினார்கள். தன் வேலையைச் சுத்தமாக முடித்தவர் உர்மானோவ். முன்னணியில் இருப்பவர்கள் சரியும்போது தயாராக நிற்பது எப்படி என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

எந்தக் கூட்டலுக்கும் அகப்படாதவர்களும் வருவார்கள். 2013-இல் கனடாவின் லண்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில், சொந்த மண்ணில் ஆடிய பேட்ரிக் சானுக்கு 267.78, கஜகஸ்தானின் டெனிஸ் டென்னுக்கு 266.48. ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம் டென். அந்தப் பருவத்தில் அதுவரை அவர் எடுத்த எந்த எண்ணும் அங்கே கொண்டுவந்து சேர்க்காது. 2018-இல் அவர் அல்மாட்டியில் கொல்லப்பட்ட பிறகும் அந்த இரண்டு ஆட்டங்களையும் நான் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். பெயரை ஒன்று மட்டும் எழுதாதீர்கள். பிரிவுக்கு மூன்று பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘சிறந்த ஷார்ட்டும் ஃப்ரீயும் கூட்டினால் 281’, ‘காம்பொனென்ட் ஏறுகிறது’, ‘குவாட் ஃபிளிப்பில் விழுகிறார், குறி இல்லை’ என்று. போட்டி தொடங்குவதற்கு முதல் நாள் அதை மூடிவிடுங்கள். பயிற்சி வீடியோக்களைப் பார்த்து கடைசி நிமிடத்தில் மாற்றினால் எந்தக் காரணம் பலித்தது என்று பிறகு தெரியாது. போட்டி முடிந்ததும் பெயரைச் சரிபார்ப்பதைவிடக் காரணத்தைச் சரிபார்ப்பது முக்கியம்.

அடுத்த பருவத்துக்கு இப்போதே தொடங்க விரும்பினால், ஆகஸ்ட் வாக்கில் ஜூனியர் கிராண்ட் பிரீ ஆரம்பமாகும், ஐ.எஸ்.யு. தன் யூடியூப் சேனலில் அதைக் காட்டுகிறது. சீனியருக்குக் குறைந்தபட்ச வயது இப்போது 17. அதனால் உலகத்தரத் தாவல்களோடு இரண்டு மூன்று வருடம் ஜூனியரிலேயே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் அமி நகாய் 2023-இல் உலக ஜூனியர் வெண்கலம். 2026-இல் 17 வயதில் ஒலிம்பிக் வெண்கலம். ஜூனியர் மேடையில் தங்கம் வாங்கியவரை உலகமே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் மூன்றாவதாக நிற்பவரின் புரோட்டோகாலை முதலில் திறவுங்கள்.