கணினியியல் பேராசிரியர் ஒருவரைப் பற்றி வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

கல்லூரி மலருக்கோ விக்கிப்பீடியாவுக்கோ ஒரு கணினியியல் பேராசிரியரைப் பற்றி எழுத உட்கார்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி தானாக வந்துவிடும்: இன்ன ஊரில் பிறந்தார், இன்ன கல்லூரியில் படித்தார். அடுத்து விருதுகள் வரிசைகட்டி நிற்கும். அத்தோடு கட்டுரை முடிந்துவிடும், அந்த மனிதர் நாற்பது வருடமாக என்னதான் செய்தார் என்பது படித்தவருக்குக் கடைசிவரை தெரியாது. நான் எழுதிய முதல் நான்கைந்து குறிப்புகள் இந்த லட்சணத்தில்தான் இருந்தன. இப்போது எப்படி எழுதுகிறேன் என்பதை, கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கும் ஆய்வில் பெயர்பெற்ற பேராசிரியர் ராஜ் ரெட்டியை வைத்தே சொல்கிறேன். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், அதனால் நமக்கும் கொஞ்சம் சொந்தம்.

பெயரிலிருந்து தொடங்குங்கள், பாதிப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். அவருடைய முழுப்பெயர் தப்பலா ராஜகோபால் ரெட்டி. ஆனால் ஆய்வுப் பேப்பர்களில் டி. ஆர். ரெட்டி, டி. ராஜ் ரெட்டி, ராஜ் ரெட்டி என்று பல வேஷம். தமிழர்கள் என்றால் சிக்கல் இன்னும் கூடும்: ஊரில் இன்ஷியலாக இருந்த அப்பா பெயர் வெளிநாடு போனதும் கடைசிப் பெயராகி விடும், ஆரம்பகாலப் பேப்பர்கள் ஒரு பெயரிலும் பிந்தையவை வேறு பெயரிலும் கிடக்கும். நான் ஒருமுறை ஒரே பெயருள்ள இரண்டு பேராசிரியர்களை ஒருவராக்கி எழுதிவிட்டேன். தேடலில் முதலில் வந்த பக்கத்தை அப்படியே நம்பியதன் பலன். அந்த இருவரில் ஒருவருடைய பழைய மாணவி 'எங்கள் சார் நெட்வொர்க்கிங்கில் ஒரு பேப்பர்கூட எழுதியதில்லையே' என்று மெயில் போட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கிய டிபிஎல்பி என்ற கணினியியல் பேப்பர்களின் இணையப் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறேன்; ஒரே பெயருள்ளவர்களை அங்கே பெயருக்குப் பின்னால் எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, ஊரையும் கல்லூரியையும் அந்த ஆண்டில் என்னவாக இருந்ததோ அப்படியே எழுதுங்கள். ரெட்டி 1937-இல் சித்தூர் பக்கம் காட்டூரில் பிறந்தார். இன்று அது ஆந்திரம், அன்று சென்னை மாகாணம். ஆந்திரம் தனியாகப் பிரிந்தது 1953-இல். இது தெரிந்தால்தான் அவர் கிண்டிக்குப் படிக்க வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்பது புரியும். 1958-இல் அங்கே பி.இ. முடித்தார், அதுவும் சிவில். உடனே கை பரபரக்கும், 'அண்ணா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்' என்று எழுத. எழுதாதீர்கள். கிண்டி கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் இருந்தாலும், அந்தப் பல்கலைக்கழகம் வந்ததே 1978-இல்தான்.

அப்புறம் பிஎச்.டி. எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதைவிட யார் கைடு என்பது முக்கியம். ரெட்டி சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.டெக். முடித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு போனார், 1966-இல் முடித்த ஆய்வுக்கு வழிகாட்டி ஜான் மெக்கார்த்தி, செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கே பெயர் வைத்தவர். கைடு யார் என்று தேட 'மேதமேட்டிக்ஸ் ஜீனியாலஜி புராஜெக்ட்' என்ற தளம் இருக்கிறது. கணிதத்துக்கென்று தொடங்கியது என்றாலும் கணினியியல்காரர்களும் நிறைய இருக்கிறார்கள், குரு-சிஷ்ய வம்சாவளி போல மேலும் கீழும் போய்ப் பார்க்கலாம்.

இப்போதுதான் முக்கியமான வேலை. விருதுகளை மூடி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த ஆள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கேள்வி எது? ரெட்டிக்கு அது, மனிதன் பேசுவதை இயந்திரத்துக்கு எப்படிப் புரியவைப்பது என்பது. அவருடைய ஆய்வேடே பேச்சொலியின் அலையை நேரடியாக அலசுவதைப் பற்றியது. கேள்வி கையில் கிடைத்ததும் ஒரே ஒரு படைப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், பத்தைப் பட்டியல் போட வேண்டாம். நான் எடுப்பது ஹார்ப்பி. 1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை ஒரு பந்தயம் மாதிரி வைத்தது: ஐந்து வருடம், சுமார் ஆயிரம் சொற்கள், நிறுத்தி நிறுத்தி அல்ல, இயல்பாகத் தொடர்ந்து பேசுவதைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும். ரெட்டி 1969-இல் போய்ச் சேர்ந்திருந்த கார்னகி மெலனில் 1976-இல் ஹார்ப்பி 1,011 சொற்களோடு அதைச் செய்து காட்டியது. எப்படி? சொல்லக்கூடிய வாக்கியங்களையெல்லாம் முன்கூட்டியே ஒரே வலையாகப் பின்னி வைத்துக்கொள்ளும். ஒலி வரவர அந்த வலையில் நடந்துபோகும். ஒவ்வொரு அடியிலும் தேறாத வழிகளைக் கழித்துவிட்டுத் தேறுகிற சிலவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். இன்று 'பீம் சர்ச்' என்று மாணவர்கள் படிப்பது இதைத்தான். இந்த நாலு வரி, 'பேச்சுணர்தல் துறையில் அரும்பணி ஆற்றினார்' என்ற ஒரு வரியைவிட எவ்வளவோ தேவலை.

ஆனால் ஹார்ப்பியைக் கட்டியவர் புரூஸ் லோவெர், ரெட்டியின் மாணவர். இதை மறைக்கவே கூடாது. ஒரு பேராசிரியரின் வேலையில் பெரும்பங்கு மாணவர்கள் கையால்தான் நடக்கிறது. அதே ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் பேக்கர் 1975-இல் ஆய்வை முடித்தார், பிறகு மனைவி ஜேனட்டோடு சேர்ந்து டிராகன் என்ற பேச்சுணர்தல் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். கை-ஃபூ லீ 1988-இல் ஸ்ஃபிங்க்ஸ் என்ற அமைப்போடு வெளியே வந்தார், யார் பேசினாலும் புரிந்துகொள்வது அதன் பெருமை. ஆகவே மாணவர்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள், கட்டுரையே அவர்களைச் சுற்றி அமைந்தாலும் தப்பில்லை என்பது என் கட்சி.

பேப்பர்களை எண்ணும்போது கவனம். மற்ற அறிவியல்களில் ஆய்விதழ்தான் ராஜா, கணினியியலில் பல கிளைகளில் மாநாட்டில் ஏற்கப்படுவதுதான் பெரிய விஷயம், 'வெறும் மாநாட்டுக் கட்டுரை' என்று தள்ளிவிடாதீர்கள். பெயர் வரிசையும் அப்படித்தான். கோட்பாட்டுக் கணினியியலில் பெரும்பாலும் அகர வரிசை, அங்கே முதல் பெயருக்கு எந்த மகிமையும் கிடையாது. சிஸ்டம்ஸ், மெஷின் லேர்னிங் பக்கம் முதல் பெயர் வழக்கமாக வேலை செய்த மாணவர், கடைசிப் பெயர் கைடு. இது தெரியாமல் 'இத்தனை கட்டுரைகளில் முதல் ஆசிரியர்' என்று கணக்குப் போட்டால் துறைக்காரர்கள் சிரிப்பார்கள். பேப்பர்களையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் ஒரே எண்ணாக்கும் ஹெச்-இண்டெக்ஸ் பக்கம் நான் போவதே இல்லை.

பதவிப் பெயர்களை ஒழுங்காகத் தமிழில் எழுதுங்கள், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று. போதும். ரெட்டி 1979-இல் கார்னகி மெலனின் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர், 1991 முதல் 1999 வரை கணினியியல் புலத்தின் டீன். நிர்வாகத்தை இரண்டு வரியில் கடந்துவிடலாம். விருதும் அவ்வளவுதான்: 1994-இல் இன்னொரு செயற்கை நுண்ணறிவு ஆய்வாளரான எட்வர்டு ஃபெய்கன்பாமோடு பகிர்ந்துகொண்ட, கணினியியலின் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் டூரிங் விருது, 2001-இல் பத்மபூஷண். விருது எதற்குக் கிடைத்தது என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள்; ரெட்டிக்கு டூரிங் விருது, பெரிய அளவிலான செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை வடிவமைத்துக் கட்டியதற்கு.

குரல் வேண்டும் என்றால் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் நிறுவனத்தில் கணினி விஞ்ஞானிகளின் நீண்ட பேட்டிகள் எழுத்து வடிவில் இருக்கின்றன. பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பில் வராத தோல்விகளும் சண்டைகளும் இந்த மாதிரிப் பேட்டிகளில்தான் அகப்படும். ஆனால் முப்பது வருடம் கழித்து நினைவிலிருந்து சொல்லும் ஆண்டுகளை நம்பிவிடாதீர்கள், ஆய்வேட்டின் முகப்பைப் பார்த்துச் சரிபாருங்கள்.

எழுதி முடித்ததும், உயிரோடு இருப்பவர் என்றால், அவருடைய மாணவர் ஒருவருக்கு வரைவை அனுப்புங்கள். பேராசிரியருக்கே அனுப்பினால் அடக்கம் காரணமாக நல்ல பகுதியை வெட்டச் சொல்வார், அல்லது 1983-இல் வாங்கிய ஒரு சான்றிதழைச் சேர்க்கச் சொல்வார். பிள்ளைகள் பெயர், வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். துறைப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்து ஒட்டிவிடாதீர்கள், உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், பதில் வராவிட்டால் படம் இல்லாமலே போகட்டும்.