தேற்றத்தின் உட்பகுதிகளை எண் பிசகாமல் சுட்டுவது எப்படி

நாகர்கோவிலில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், "தேற்றம் 3.2(2)-இன்படி" என்பது போன்ற சுட்டல்களையெல்லாம், கட்டளைகள் கலந்து எழுதிய உரையை அச்சுக்கு அமைத்துத் தரும் லேட்டெக் மென்பொருளின் கோப்பில் நான் கையாலேயே அடித்து வைத்திருந்தேன். மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு துணைத்தேற்றத்தைச் சேர்க்கும்படி வழிகாட்டி சொன்னதும் அதற்குப் பின்னுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஒன்றால் கூடிவிட, கையால் அடித்த சுட்டல்கள் மட்டும் பழைய எண்ணிலேயே நின்றன. மாவட்டத்தில் இப்போது கணித ஆய்வேடு எழுதத் தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், முன்னால் பின்சாய்வுக்கோடு இட்டு அடிக்க வேண்டும்.

முதலில் லேபிள் என்ற கட்டளை எதை நினைவில் கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தனக்கு முன்னால் கடைசியாகக் கூடிய எண்ணையே அது குறித்துக்கொள்கிறது. ஆகவே தேற்றத்துக்கான லேபிளைத் தேற்றச் சூழல் தொடங்கியவுடனும், பகுதிக்கான லேபிளை அந்தப் பகுதியைத் தொடங்கும் ஐட்டம் கட்டளைக்குப் பின்னும் இட வேண்டும். ஐட்டத்துக்கு முன்னால் இட்டால், அதற்கு முந்தைய பகுதியின் எண்ணோ தேற்றத்தின் எண்ணோதான் கிடைக்கும். குறித்துக்கொண்ட எண்கள் ஒரு துணைக்கோப்பில் எழுதப்பட்டு அடுத்த ஓட்டத்தில்தான் படிக்கப்படுவதால், கோப்பைக் குறைந்தது இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் தெரியும் இரட்டைக் கேள்விக்குறியைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

முனைகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகளையும் ஆராயும் கோட்டுருவியலில் எல்லோரும் அறிந்த தேற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முனைகளின் எண்ணிக்கையை n என்னாமல் 10 என்றே வைத்துக்கொண்டால், பின்வரும் மூன்றும் சமானம்: (1) கோட்டுரு இணைந்தது, சுற்று இல்லாதது, (2) இணைந்தது, 9 விளிம்புகள் கொண்டது, (3) சுற்று இல்லாதது, 9 விளிம்புகள் கொண்டது. இதன் எண் 3.2 என்று கொள்வோம். இதன் இரண்டாம் பகுதியைச் சுட்ட, லேபிள் குறித்த எண்ணை அச்சிடும் ரெஃப் கட்டளையைத் தேற்றத்துக்கு ஒன்று, பகுதிக்கு ஒன்று என இரண்டையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து எழுதலாம். ஆனால் எனுமரேட் என்ற எண்ணிட்ட பட்டியல் இயல்பாக அடைப்புக்குறியில்லாத எண்ணையே தருவதால் 3.22 என்று அச்சாகி, இல்லாத தேற்றம் ஒன்றைக் காட்டிவிடும்.

அதனால் பட்டியல்களின் அமைப்பை மாற்ற உதவும் எனும்ஐட்டம் என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அதன் நியூலிஸ்ட் கட்டளையால் தேற்றப் பகுதிகளுக்கென்றே தனிப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, செட்லிஸ்ட் கட்டளையில் லேபிள் என்ற விருப்பத்துக்கு அடைப்புக்குறிக்குள் எண்ணை மட்டும் கொடுங்கள். ரெஃப் என்ற விருப்பத்துக்குத் தேற்ற எண்ணையும் அதைத் தொடர்ந்து அதே அடைப்பெண்ணையும் கொடுங்கள். இனி ஒரே ரெஃப் 3.2(2) என்று முழுமையாகத் தரும். எல்லா எனுமரேட் பட்டியல்களுக்கும் இந்த அமைப்பைப் பொதுவாக இட்டுவிடக் கூடாது. இட்டால், தேற்றத்துக்கு வெளியே வரும் சாதாரணப் பட்டியலிலும் கடைசித் தேற்றத்தின் எண் போய் ஒட்டிக்கொள்ளும். தேற்ற உரை சாய்வெழுத்தில் வருவதால் எண்ணும் அடைப்புக்குறியும் சாயாமலிருக்க, இரண்டு விருப்பங்களிலும் டெக்ஸ்ட்அப் கட்டளையால் சூழ்ந்துவிடுங்கள்.

நிறுவலுக்குள் "(1)-இலிருந்து (2)" என்று சுருக்கமாக எழுதவேண்டிய இடங்களில் முழு எண் வாசிப்பைத் தடுக்கிறது. அத்தகைய நிறுவல்கள் நிறைந்த ஆய்வேட்டுக்கு, ரெஃப் விருப்பத்தை விட்டுவிட்டு, லேபிள் விருப்பத்தில் அடைப்பெண்ணை மட்டும் இட்டு, வெளியிலிருந்து சுட்டும்போது இரண்டு ரெஃப்களை அடுத்தடுத்து எழுதும் முறையையே நான் விரும்புகிறேன்.

"தேற்றம்" என்ற சொல்லையும் தானே சேர்க்கும் கிளெவர்ரெஃப் தொகுப்பு ஆங்கில ஆய்வேட்டுக்கு மிகவும் உதவும். அதை, சுட்டல்களைச் சொடுக்கக்கூடிய இணைப்புகளாக்கும் ஹைப்பர்ரெஃப் தொகுப்புக்குப் பின்னும், தேற்றச் சூழல்களை வரையறுப்பதற்கு முன்னும் ஏற்ற வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். "தேற்றத்தின் இரண்டாம் பகுதி", "தேற்றத்தால்" என்று சொல்லே உருமாறும் இடங்களில் அது "தேற்றம்" என்றே இடும். சொல்லை நாமே எழுதி, எண்ணுக்கு மட்டும் ரெஃப் இட்டு, "தேற்றம் 3.2(2)-ஐ" என்று உருபை எண்ணுக்குப் பின் சேர்ப்பதே சரியாக அமையும். சொல்லுக்கும் ரெஃபுக்கும் இடையில் அலைக்குறி (~) இட்டால், எண் மட்டும் அடுத்த வரிக்குப் பிரிந்து போகாது.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன், லேட்டெக் ஒவ்வொரு ஓட்டத்திலும் எழுதிவைக்கும் பதிவுக்கோப்பைத் திறந்து, வரையறுக்கப்படாத சுட்டல், இருமுறை வரையறுக்கப்பட்ட லேபிள் ஆகிய இரு எச்சரிக்கைகளையும் தேடுங்கள். இரண்டாவது எச்சரிக்கை கூடுதல் கவனத்துக்குரியது, ஏனெனில் அங்கே கேள்விக்குறிக்குப் பதிலாகத் தவறான எண் ஒன்று அச்சாகியிருக்கும்.