அம்மாவுக்கு சுகர் இறங்காததுக்கு காரணம் சிரிஞ்ச் மூடி

நல்லா இருந்த அம்மாவுக்கு திடீர்னு வெறும் வயித்து சுகர் 280. சோத்த குறைச்சோம், மருந்து கெட்டுப்போச்சோன்னு புது இன்சுலின் பாட்டில் வாங்குனோம், டாக்டர் 20 யூனிட்ட 26 ஆக்குனாரு, ஒண்ணும் அசையல.

கடைசில ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸக்கா "வீட்ல எப்படி போடுவீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்கம்மா"ன்னாங்க, அம்மா சிரிஞ்ச எடுத்ததுமே நிறுத்திட்டாங்க. மூடி ஆரஞ்சு கலர், அது 100 போட்ட மருந்துக்கு (ஒரு மில்லில 100 யூனிட்), நம்ம பாட்டில்ல இருக்கறது 40 (ஒரு மில்லில 40 யூனிட்தான்), அதுக்கு சிவப்பு மூடிதான் (பாட்டில்லயும் சிரிஞ்ச்லயும் நம்பர் எழுதியிருக்கும், ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க). மெடிக்கல்ல மாத்திக் குடுத்திருக்காங்க, 20 கோடு வரைக்கும் இழுத்தாலும் உள்ள போறது 8 யூனிட்தான்!

சிவப்பு மூடிக்கு மாறும்போது ஏத்துன டோஸையே போட்டா லோ சுகர் ஆயிடும்னு டாக்டர்ட்ட பேசி திரும்ப 20க்கே இறக்க வச்சதும் அந்த நர்ஸக்காதான். இப்ப 130ல நிக்குது, அப்பாடான்னு இருக்கு.